கண்ணுக்கு மூன்று நிமிஷம்

சிங்கப்பூரின் மரினா பே வீதிகளில் ஆண்டுதோறும் நடைபெறும் ஃபார்முலா 1 இரவுப் பந்தயத்தைப் பார்ப்பதற்காகப் பெரும் பொருள் செலவிட்டுச் செல்லும் ரசிகர் ஒருவர், பந்தயம் ஓடும் ஒன்றே முக்கால் மணி நேரத்தில் தாம் ஆதரிக்கும் காரைத் தம் கண்ணால் காணப்போவது எவ்வளவு நேரம் என்று முன்கூட்டியே கணக்கிட்டுப் பார்த்தால் திகைத்துப்போவார். ஒரு சுற்றின் நீளம் ஏறத்தாழ 4.9 கிலோமீட்டர், சுற்றுகள் 62. வீதியின் இருமருங்கிலும் கான்கிரீட் சுவர்களும் கம்பி வலைகளும், அவற்றுக்கு அப்பால் மாடமாளிகைகளும் மறைத்து நிற்பதால், சாமானியமான ஓர் ஆசனத்திலிருந்து பாதையில் 200 மீட்டர் தூரம் தெரிந்தாலே அதிருஷ்டம் என்று சொல்ல வேண்டும். மணிக்கு 250 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வண்டிக்கு அந்த 200 மீட்டரைக் கடக்க மூன்று விநாடிகூட வேண்டியதில்லை. அறுபத்திரண்டு சுற்றுகளுக்கும் சேர்த்துக் கூட்டினால் ஏறத்தாழ மூன்று நிமிஷம் ஆகிறது.

இந்த மூன்று நிமிஷத்துக்காகவா ஜனங்கள் கடல் கடந்து வருகிறார்கள் என்று வியப்பவர்கள், பந்தயத்தைக் கண்ணுக்கு மட்டுமே உரிய காட்சியாக நினைத்துவிடுகிறார்கள். கண்ணுக்கு வேண்டியதையெல்லாம் தொலைக்காட்சி வீட்டிலேயே, அதுவும் பல கோணங்களிலிருந்து, காட்டிவிடுகிறது. வீதிக்கு நேரில் செல்பவருக்குக் கிடைப்பவை வேறு: சுவருக்குச் சுவர் மோதித் திரும்பும் சப்தம், இரவிலும் தணியாத உஷ்ணம், சுட்ட ரப்பரின் நெடி, மணிக்கு மணி குணம் மாறிக்கொண்டே போகும் தார்ப்பாதை. இவற்றையெல்லாம் அர்த்தப்படுத்திக்கொள்ளப் பள்ளிக்கூடத்தில் கற்ற பௌதிக சாஸ்திரமே போதும். அதைக் கையோடு எடுத்துச் செல்பவருக்கு, கார் கட்டடங்களுக்குப் பின்னால் மறைந்திருக்கும் நேரத்திலும் பந்தயம் நடந்துகொண்டே இருக்கிறது என்பதுதான் இக்கட்டுரையில் நான் சொல்ல விரும்பும் விஷயம்.

நகரத் தெருக்களில் பந்தயம் நடத்தும் வழக்கம் புதியதன்று. மொனாக்கோ என்ற சிற்றரசின் துறைமுக வீதிகளில் 1929-ஆம் ஆண்டு தொடங்கிய பந்தயம் இன்றளவும் நடந்துவருகிறது. 1955-இல் ஆல்பர்ட்டோ அஸ்காரி என்ற பெரும் வீரர் அங்கே காரோடு கடலில் விழுந்து, நீந்திக் கரையேறினார். சிங்கப்பூரிலும் 1961 முதல் 1973 வரையில் தாம்சன் சாலையில் கிராண்ட் பிரீ நடந்தது. விபத்துகளும் போக்குவரத்து இடைஞ்சல்களும் அதை நிறுத்தும்படி செய்தன. முப்பத்தைந்து ஆண்டுகள் கழித்து, 2008 செப்டம்பர் 28 அன்று, மரினா பேயில் ஃபார்முலா 1 வரலாற்றிலேயே முதலாவது இரவுப் பந்தயம் அரங்கேறியது. பாடாங் திடலையும், பழைய நகர மண்டபத்தையும், 1910-இல் கட்டப்பட்ட குறுகலான ஆண்டர்சன் பாலத்தையும், எஸ்பிளனேட் கலையரங்கத்தையும் தொட்டுச் செல்லும் அந்தப் பாதையில், மற்ற நாட்களில் பேருந்துகளும் டாக்சிகளும் ஓடிக்கொண்டிருக்கும்.

இரவில் நடத்த வேண்டிய அவசியம் ஐரோப்பாவின் கடிகாரத்திலிருந்து பிறந்தது. சிங்கப்பூரில் இரவு 8 மணி என்றால் பாரிஸிலும் ரோமாபுரியிலும் பிற்பகல் 2 மணி. ஞாயிற்றுக்கிழமை உணவு முடித்து மக்கள் தொலைக்காட்சியின் முன் அமரும் வேளை அது. ஆகவே, ஐந்து கிலோமீட்டர் நீளமுள்ள ஒரு வீதியைப் பகலாக்க வேண்டியதாயிற்று. சுமார் 1,500 விளக்குகள், தரையிலிருந்து ஏறத்தாழ 10 மீட்டர் உயரத்தில், பாதை நெடுகிலும் தொடர்ச்சியாகத் தொங்கவிடப்பட்டன. பாதையின் மேல் விழும் பிரகாசம் சுமார் 3,000 லக்ஸ். நூல்நிலையத்தில் வாசிக்கும் மேஜைக்கு 500 லக்ஸ் போதும்; பூர்ண சந்திரன் தருவது ஒரு லக்ஸிலும் குறைவு; உச்சி வெயிலோ ஒரு லட்சம் லக்ஸ். அந்தப் பாதை, ஆக, அறைக்குள் நாம் வழக்கமாகக் காணும் வெளிச்சத்தைவிடப் பிரகாசமானது; வெயிலோடு ஒப்பிட்டால் மங்கலானது. நம் கண்ணின் பாவை சுருங்கியும் விரிந்தும் இந்த வேறுபாட்டைச் சமாளித்துவிடும். ஆனால் அதற்குச் சிறிது நேரம் தேவை. மணிக்கு 300 கிலோமீட்டரில் செல்பவர் ஒரு விநாடியில் 83 மீட்டர் கடந்துவிடுகிறார். எனவே விளக்கின் அளவைவிட, அதன் சீர்மைதான் முக்கியம். ஓரிடத்தில் ஒளியும் அடுத்த இடத்தில் நிழலுமாக இருந்தால், ஓட்டுநரின் கண்ணில் அவை படபடவென்று அடித்துக் குழப்பத்தை உண்டாக்கும். நேர் எதிரே விளக்கு இருந்தால், மழை பெய்த தரையில் அது பிரதிபலித்துக் கண்ணைக் கூசச் செய்யும். விளக்குகளின் கோணங்களை நிர்ணயித்தவர்கள் இவ்விரண்டையும் தவிர்த்ததனால்தான், 2017-இல் மழையிலேயே பந்தயம் தொடங்கியபோதும் பாதை தெளிவாகத் தெரிந்தது.

விளக்கைவிடச் சுவாரசியமானது தரை. வயல்வெளியில் பந்தயத்துக்கென்றே நிர்மாணிக்கப்படும் தடத்தில் சாக்கடை மூடி அரிது. குடிநீர்க் குழாயின் வால்வு இராது. வெள்ளைக் கோடு போட்ட பாதசாரிக் கடவை இராது. நகரத் தெருவில் இவை யாவும் உண்டு, இருந்தே தீரவும் வேண்டும். இவற்றில் மிகவும் அபாயமானது எளியதாகத் தோன்றும் அந்த இரும்பு மூடிதான். ஃபார்முலா 1 காரின் அடிப்பகுதி தரையை ஒட்டி வளைத்துச் செதுக்கப்பட்டிருக்கிறது. காருக்கும் தரைக்கும் இடையேயுள்ள குறுகிய வழியில் காற்று விரைந்து செல்லும்போது, பெர்னூலியின் விதிப்படி அங்கே அழுத்தம் குறைகிறது. மேலே உள்ள வாயு மண்டலம் காரைத் தரையோடு அழுத்துகிறது. திருப்பங்களில் கார் வழுக்காமல் நிற்பது இந்த அழுத்தத்தால்தான். ஆனால் காரைக் கீழே அழுத்தும் அதே வெற்றிடம், தரையிலுள்ள மூடியை மேலே இழுக்கிறது என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். வாயு மண்டலத்தின் அழுத்தத்தில் நூற்றுக்கு மூன்று பங்கு மட்டுமே குறைந்ததாக வைத்துக்கொண்டாலும், 60 சென்டிமீட்டர் விட்டமுள்ள ஒரு மூடியின் மேல் 80 கிலோவுக்கு மேற்பட்ட எடையைத் தூக்கக்கூடிய விசை பிறந்துவிடுகிறது. ஒரு கார் கடக்கும்போது அசைந்து கொடுக்கும் மூடி, பத்தாவது கார் கடக்கும்போது எழும்பிவிடலாம்.

இது வெறும் ஏட்டுக் கணக்கன்று. 2023 நவம்பரில் அமெரிக்காவின் லாஸ் வேகஸ் நகரத் தெருக்களில் முதற்பயிற்சி தொடங்கிய எட்டாவது நிமிஷத்தில், கார்லோஸ் சைன்ஸ் ஓட்டிய ஃபெராரியின் அடிப்பாகத்தைத் தண்ணீர் வால்வின் மூடி ஒன்று பெயர்ந்து கிழித்துவிட்டது. பயிற்சி அத்தோடு நின்றது. எல்லா மூடிகளையும் சோதித்துச் செப்பனிட்டு, நடுநிசிக்குப் பின் இரண்டரை மணிக்கு அடுத்த பயிற்சியைத் தொடங்கியபோது, டிக்கெட் வாங்கி வந்த ரசிகர்கள் வெளியேற்றப்பட்டிருந்தார்கள். ஒரு மூடியினால் அத்தனை பேர் ஏமாந்து திரும்ப நேர்ந்ததை நினைத்தால், பந்தயத்துக்கு முந்திய வாரங்களில் யார் கண்ணிலும் படாமல் தெருவில் குந்தியிருந்து மூடிகளைப் பற்றவைத்து ஸ்திரப்படுத்தும் தொழிலாளர்களின் வேலைக்கு எவ்வளவு மதிப்பு உண்டென்பது புலப்படும். பரிசளிப்பு மேடையில் அவர்களுக்கும் ஓரிடம் கொடுக்கலாம் என்பேன்.

தெருவின் மற்றொரு குணம் அதன் வழுவழுப்பு. ஆண்டு முழுவதும் லட்சக்கணக்கான வாகனங்கள் உரசி மெருகேறிய தாரில், எண்ணெய்த் துளிகளும் புழுதியும் படிந்திருக்கும். ரப்பர் தரையைப் பற்றுவது இரண்டு விதங்களில் நிகழ்கிறது: தாரின் சிறு மேடுபள்ளங்களுக்குள் ரப்பர் புகுந்து உருமாறி, அந்த உருமாற்றத்தில் சக்தியைச் செலவிடுவது ஒன்று, ரப்பரின் மூலக்கூறுகள் தரையோடு ஒட்டிப் பிரிவது மற்றொன்று. புழுதி இரண்டாவதைக் கெடுக்கிறது; தேய்ந்த தார் முதலாவதைக் கெடுக்கிறது. ஆகவே வெள்ளிக்கிழமை முதற்பயிற்சியில் மிகச் சிறந்த ஓட்டுநர்களும் தடுமாறுவார்கள். ஒவ்வொரு காரும் சிறிது ரப்பரைத் தரையில் பூசிச் செல்லச் செல்ல, பந்தயக் கோடு கறுத்து, பிடிமானம் ஏறி, சுற்றுக்கு ஆகும் நேரம் விநாடிக் கணக்கில் குறைந்துகொண்டே வரும். கோட்டுக்கு வெளியேயோ, டயரிலிருந்து உதிர்ந்த ரப்பர்த் துகள்கள் குவிந்து கிடக்கும். அங்கே கால் வைத்தவர் சறுக்கிச் சுவரில் மோதுவார். சனிக்கிழமை ஒரு மழை பெய்தால் போதும், இரண்டு நாள் பூசிய ரப்பர் கழுவப்பட்டு, தெரு மறுபடியும் புதியதாகிவிடும். சிங்கப்பூரின் வானம் இந்த விஷயத்தில் எந்த உறுதிமொழியும் தருவதில்லை. 2022-இல் பெருமழையால் பந்தயம் ஒரு மணி நேரத்துக்கு மேல் தாமதமாகத் தொடங்கியது. ஓடுபாதைக்கு அந்த ஊரின் உடும்புகளும் உரிமை கொண்டாடுகின்றன; 2016-இல் ஒன்று பயிற்சியின் நடுவே பாதையைக் கடந்து, விரைந்து வந்த கார்களுக்குத் தப்பிச் சென்றது.

உஷ்ணத்தைப் பற்றிச் சொல்லும்போது, பூமத்திய ரேகைக்கு ஒரு பாகைக்குச் சற்று மேல் வடக்கே இருக்கும் ஊரில் சூரியன் மறைந்தும் ஆறுதல் இல்லை என்பதை முதலில் நினைவுகொள்ள வேண்டும். வெப்பம் 28 அல்லது 30 பாகை. காற்றில் ஈரம் நிறைந்திருக்கும். மனித உடல் தன் உஷ்ணத்தைத் தணித்துக்கொள்ளும் உபாயம் வியர்வை. ஆனால் வியர்ப்பதனால் உடல் குளிர்வதில்லை, அந்த வியர்வை ஆவியாவதனால்தான் குளிர்கிறது. காற்று ஏற்கெனவே ஈரத்தால் நிறைந்திருந்தால் ஆவியாதல் மந்தமாகிறது. ஓட்டுநரோ தீப்பிடிக்காத துணியினாலான பல அடுக்கு உடை தரித்து, தலைக்கவசமும் கையுறையும் அணிந்து, யந்திரத்துக்கு முன்னால் ஒரு குறுகிய குழியில் இறுகக் கட்டப்பட்டு அமர்ந்திருக்கிறார், ஆவியாக இடமேயில்லை. உடல் மேலும் மேலும் வியர்க்கிறது; இரண்டு மணி நேரத்தில் மூன்று கிலோ வரையில் எடை குறைகிறது. நாடி நிமிஷத்துக்கு 160-க்கு மேல் ஓடிக்கொண்டிருக்க, அந்த நிலையிலேயே சுவருக்கு ஒரு சாண் இடைவெளி விட்டு, 62 சுற்றிலும், சுற்றுக்குப் பத்தொன்பது திருப்பங்களைக் கடக்க வேண்டும். கவனம் ஒரு கணம் பிசகினால் மன்னிக்கும் புல்தரையோ சரளைப் பரப்போ அங்கே பெரும்பாலும் கிடையாது. 2025-ஆம் ஆண்டுப் பந்தயத்துக்குச் சர்வதேச மோட்டார் வாகனக் கூட்டமைப்பு உஷ்ண அபாயம் என்று முதன்முறையாக அறிவித்தது. குழாய்களில் குளிர்ந்த திரவம் ஓடும் மேலங்கியை அணிய ஓட்டுநர்களுக்கு வழி செய்யப்பட்டது. நெடுங்காலத்துக்கு முன்பே செய்திருக்க வேண்டிய காரியம் இது.

மனிதரைப் போலவே யந்திரமும் வேகிறது. நீண்ட நேர்வழிகள் உள்ள தடங்களில் பிரேக்குகள் ஓடும் காற்றில் ஆறிக்கொள்ளும். இங்கே ஒரு திருப்பம் முடிந்து ஆறுவதற்குள் அடுத்த திருப்பம் வந்துவிடும். ஓட்டுநரும் எரிபொருளும் உட்பட 900 கிலோ எடையுள்ள காரை மணிக்கு 300 கிலோமீட்டரிலிருந்து 100-க்குக் கொண்டுவர வேண்டுமானால், ஏறத்தாழ 28 லட்சம் ஜூல் சக்தியை அப்புறப்படுத்த வேண்டும். குழாயிலிருந்து பிடித்த ஒன்பது லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவைக்கப் போதுமான சக்தி அது. ஓட்டுநர் அதை நூறு மீட்டர் தூரத்துக்குள், இரண்டு விநாடிக்குள் செய்து முடிக்கிறார். காற்றின் தடையும் மின்சேமிப்பு யந்திரமும் ஒரு பங்கை ஏற்றுக்கொள்ள, எஞ்சிய பெரும்பகுதி கரிநாரால் செய்த பிரேக் வட்டுகளில் உஷ்ணமாக இறங்குகிறது. ஆயிரம் பாகையை நெருங்கும்போது அவை செக்கச்செவேலென்று ஒளிர்வதை, பகல் பந்தயங்களில் காண்பது அரிது. இரவு வீதியில், திருப்பத்துக்கு முந்திய இடத்தில் நிற்பவர்கள் வெறுங்கண்ணாலேயே காணலாம்.

சப்தம்தான் நேரில் செல்பவருக்குக் கிடைக்கும் தலையாய செல்வம். சங்கீத ஞானம் சிறிதளவேனும் உள்ள தமிழ் ரசிகருக்கு, மற்ற ரசிகர்களுக்கு வாய்க்காத ஒரு வசதி இதில் உண்டு. 2009-ஆம் ஆண்டு விதிப்படி எட்டு உருளைகள் கொண்ட எஞ்சின் நிமிஷத்துக்கு 18,000 முறை சுழலலாம். விநாடிக்கு 300 சுழற்சி, சுழற்சிக்கு நான்கு வெடிப்பு, ஆக விநாடிக்கு 1,200 அதிர்வு. 2014 முதல் வந்த ஆறு உருளை எஞ்சின் சுமார் 12,000 முறை சுழல்கிறது. அதே கணக்கில் விநாடிக்கு 600 அதிர்வு. அதாவது எஞ்சினின் குரல் சரியாக ஒரு ஸ்தாயி கீழே இறங்கிவிட்டது. பழைய ஒலியை இழந்துவிட்டோமே என்று ரசிகர்கள் இன்றும் வருந்துவதன் காரணம் இந்த மேல் ஷட்ஜம் கீழ் ஷட்ஜமானதுதான். டர்போ விசிறி, வெளியேறும் புகையின் சக்தியை உறிஞ்சிவிடுவதால் ஒலியின் உரப்பும் குறைந்துவிட்டது.

அதைவிட நயமானது டாப்ளர் விளைவு. நம்மை நோக்கி வரும் ஒலிமூலத்தின் சுருதி உயர்ந்தும், நம்மைக் கடந்து செல்லும்போது தாழ்ந்தும் கேட்கும் என்பது யாவரும் அறிந்ததே. எவ்வளவு தாழ்கிறது என்பது, கார் எவ்வளவு வேகமாகச் செல்கிறது என்பதை மட்டுமே பொறுத்தது. எஞ்சினின் சொந்தச் சுருதி எதுவாயிருப்பினும் கவலையில்லை. சிங்கப்பூரின் 28 பாகை இரவுக் காற்றில் ஒலி விநாடிக்கு 348 மீட்டர் செல்கிறது. காரின் வேகம் அதில் ஐந்தில் ஒரு பங்கானால், வரும் சுருதிக்கும் போகும் சுருதிக்கும் உள்ள விகிதம் மூன்றுக்கு இரண்டு. அதாவது, பஞ்சமத்தில் வந்த கார் ஷட்ஜத்தில் செல்கிறது. அந்த வேகம் மணிக்கு 250 கிலோமீட்டர். சுத்த மத்தியமத்திலிருந்து ஷட்ஜத்துக்கு இறங்கினால், விகிதம் நான்குக்கு மூன்று, வேகம் சுமார் 180. சுத்த தைவதத்திலிருந்து இறங்கினால், விகிதம் எட்டுக்கு ஐந்து, வேகம் 290. பாதைக்கு அருகிலும், நேர்வழியில் ஓட்டுநர் முழுவிசையோடு ஒரே கியரில் செல்லும் இடத்திலும் நின்று கேட்டால், கையில் எந்தக் கருவியும் இல்லாமல், இரண்டு சுவரங்களின் இடைவெளியைக் கொண்டே காரின் வேகத்தைச் சொல்லிவிடலாம். மத்தியமத்துக்கும் பஞ்சமத்துக்கும் வேறுபாடு தெரிந்த எந்தச் செவிக்கும் இது கைகூடும். சுருதிப் பெட்டி வைத்துப் பாடிப் பழகியவர்கள், ஒரு காரைவிட இன்னொரு கார் அதே இடத்தில் சற்றே மெதுவாகப் போவதைக்கூடக் கண்டுகொள்ளக்கூடும். மூன்று விநாடிக் காட்சியில் கண் தராத தகவல் இது.

இனி, எண்களைப் பற்றி. வரிசையில் முன்னே செல்பவரைக் காற்றின் கலக்கம் காப்பாற்றுகிறது. அவர் காரின் பின்னால் சுழன்றெழும் காற்றில், துரத்துபவரின் கார் தரையைப் பற்றும் அழுத்தத்தை இழக்கிறது. திருப்பங்களில் நெருங்க முடிவதில்லை. குறுகிய தெருவில் முந்திச் செல்வது இதனால் அபூர்வமாகிவிட, வெற்றியைப் பெரும்பாலும் நிர்ணயிப்பது டயர் மாற்ற நிற்கும் தருணம். அவ்வாறு ஒரு முறை ஒதுங்கி நின்று திரும்புவதற்கு இங்கே அரை நிமிஷத்துக்குச் சற்றுக் குறைவான நேரம் பறிபோகும். ஆனால் விபத்து நேர்ந்து, பாதுகாப்புக் கார் முன்னே வந்து எல்லோரையும் மெதுவாக அழைத்துச் செல்லும் வேளையில் ஒதுங்கினால், மற்றவர்களும் மெதுவாகச் செல்வதால், இழப்பு மிகவும் குறைந்துவிடுகிறது. சுவர்கள் நெருங்கி நிற்கும் மரினா பேயில் 2008 முதல் 2023 வரையில் பாதுகாப்புக் கார் வெளிவராத பந்தயமே இல்லை. 2024-இல்தான் முதன்முதலாக அது தேவைப்படவில்லை. நம் கோயம்புத்தூர் வீரர் நரேன் கார்த்திகேயன் 2012-இல் பதினெட்டாவது திருப்பத்தில் சுவரில் மோதியபோதும் அது வெளிவந்து, முன்னணியில் இருந்தவர்களின் கணக்குகளை மாற்றியது.

இந்த அறிவைத் துர்ப்பிரயோகம் செய்தவர்களும் உண்டு. 2008-ஆம் ஆண்டு முதற்பந்தயத்தில், ரெனோ அணியின் அலோன்சோ மற்றவர்களுக்கு முன்னதாகவே எரிபொருள் நிரப்பித் திரும்பிய சிறிது நேரத்தில், அதே அணியின் இளைய பிக்கே பதினேழாவது திருப்பத்தில் சுவரில் மோதினார், பாதுகாப்புக் கார் வந்தது, அலோன்சோ வென்றார். அம்மோதல் வேண்டுமென்றே செய்யப்பட்டது என்பது மறு ஆண்டில் வெளியாயிற்று. உடைந்த காரைச் சட்டென்று தூக்கி அகற்றக் கிரேன் அருகில் இல்லாத இடம் என்பதால்தான் அந்தத் திருப்பம் தேர்ந்தெடுக்கப்பட்டது. ஒரு மனிதனின் உயிரையும் பாதை ஓரத்தில் நின்ற தொண்டர்களின் உயிரையும் பணயம் வைத்த அச்செயல், எத்தனை சாமர்த்தியமாயினும், விளையாட்டின் பெயரைக் கெடுத்த இழிசெயல்.

அதே அறிவை உத்தமமாகப் பயன்படுத்திய உதாரணமும் அதே வீதியில்தான் கிடைக்கிறது. 2023-ஆம் ஆண்டு, அந்தப் பருவத்தின் எல்லாப் பந்தயங்களையும் ரெட் புல் அணியே வென்றுவந்த வேளையில், சிங்கப்பூரில் ஃபெராரியின் சைன்ஸ் முதலிடத்தில் சென்றுகொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் மெக்லாரனின் நாரிஸ். அவர்களுக்குப் பின்னால், கடைசிக் கட்டத்தில் புதிய டயர் மாற்றிக்கொண்டு சுற்றுக்குச் சுற்று நெருங்கிவந்த இரண்டு மெர்சிடிஸ் கார்கள், ரஸ்ஸலும் ஹாமில்டனும். அப்போதைய விதிப்படி, முன்னே செல்லும் காருக்கு ஒரு விநாடி தூரத்துக்குள் வந்துவிட்டவர், குறிப்பிட்ட நேர்வழிகளில் தம் பின்னிறகின் ஒரு தகட்டைத் திறந்துகொள்ளலாம். காற்றின் தடை குறைந்து வேகம் கூடும். சைன்ஸ் யோசித்தார்: நாரிஸை விட்டு வேகமாக விலகிப்போனால், நாரிஸுக்கு இந்த உதவி கிட்டாது; மெர்சிடிஸ் இரண்டும் அவரை முந்திவிடும்; பிறகு புதிய டயர்களோடு தம்மையும் முந்திவிடும். ஆகவே அவர் தம் வேகத்தைக் குறைத்து, நாரிஸை வேண்டுமென்றே ஒரு விநாடிக்குள் வைத்துக்கொண்டார். நாரிஸ் திறந்த இறகோடு நேர்வழிகளில் பறந்து ரஸ்ஸலைத் தடுத்தார். எதிரியைத் தமக்குக் காவலாக நிறுத்திய அந்த உபாயம், சுற்றுக்குச் சுற்றுப் பத்தில் ஒரு விநாடியை அளந்து ஓட்டினால்தான் பலிக்கும். ஒன்றே முக்கால் மணி நேர உஷ்ணத்துக்குப் பின், வியர்வையில் மூழ்கிய மனிதர் ஒருவர் அதைச் செய்தார். கடைசிச் சுற்றில் ரஸ்ஸல் சுவரில் உரசி வீழ்ந்தார். சைன்ஸுக்கும் நாரிஸுக்கும் இடையே முடிவில் இருந்த இடைவெளி 0.812 விநாடி. வண்டிகளை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கு அன்று நான்கு கார்கள் ஊர்வலம் போனதாகத் தோன்றியிருக்கும். கார்களுக்கிடையே எத்தனை விநாடி என்று காட்டும் இடைவெளிப் பட்டியலைப் பார்த்துக்கொண்டிருந்தவர்களோ மூச்சுவிட மறந்திருப்பார்கள்.

நம் சென்னைக்கும் இந்த அனுபவம் ஓரளவு வாய்த்திருக்கிறது. சோழவரத்தின் பழைய விமான ஓடுதளத்தில் பந்தயம் பார்த்த தலைமுறைக்குப் பின், 2024 ஆகஸ்ட் இறுதியிலும் செப்டம்பர் முதல் நாளிலுமாக, தீவுத்திடலைச் சுற்றிய மூன்றரைக் கிலோமீட்டர் தெருக்களில் ஃபார்முலா 4 இரவுப் பந்தயம் நடந்தது. ஃபார்முலா 1-ஐவிட மிகச் சிறிய கார்களாயினும், விளக்கு, சுவர், மழை, தரையின் பிடிமானம் ஆகிய பிரச்சினைகள் அனைத்தும் அவையே. மழையின் காரணமாகத் தடத்துக்குரிய சான்றிதழ் கிடைக்கத் தாமதமாகி, நிகழ்ச்சிகள் தள்ளிப்போனதும் இப்பிரச்சினைகளில் ஒன்றே. அன்றாடம் நாம் செல்லும் சாலையின் சரிவு, மழைநீர் ஓடுவதற்காக நடுவில் உயர்ந்தும் ஓரத்தில் தாழ்ந்தும் அமைந்த அதன் முதுகு, பந்தயக் காரை எவ்வாறு சுவரை நோக்கித் தள்ளும் என்பதை அன்று நேரில் கண்டவர்கள், அச்சாலையைப் பழைய கண்ணோடு பார்த்திருக்க மாட்டார்கள்.

இத்தகைய பந்தயத்துக்குச் செல்ல நினைக்கும் அன்பர்களுக்குச் சில வார்த்தைகள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் சென்று திரும்பாமல், பயிற்சி நடக்கும் நாளிலேயே சென்றுவிடுங்கள். தெரு எவ்வாறு பந்தயப் பாதையாக மாறுகிறது என்பதை அன்றுதான் காண முடியும். பொழுது சாய்வதற்கு முன் ஒரு முறையும், இருட்டிய பின் ஒரு முறையும், ஒரே திருப்பத்தில் நின்று, கார்கள் எந்த இடத்தில் பிரேக் பிடிக்கின்றன என்பதைக் கவனியுங்கள். நேர்வழி ஓரத்தில் சிறிது நேரம் கண்ணை மூடிக்கொண்டு, ஷட்ஜம் எங்கே விழுகிறது என்று கேளுங்கள். கையிலுள்ள செல்பேசியில் படம் பிடிப்பதை விட்டு, அதில் வரும் இடைவெளிப் பட்டியலைப் படியுங்கள். வீட்டிலிருந்தே பார்ப்பவர்களுக்கும் அந்தப் பட்டியல் கிடைக்கிறது. இரவு 8 மணிக்குத் தொடங்கும் சிங்கப்பூர்ப் பந்தயத்துக்கு நம் ஊரில் மாலை 5.30-க்கு அமர்ந்தால் போதும். தண்ணீர் நிறையக் குடியுங்கள். ஓட்டுநருக்குரிய உஷ்ண விதிகள் பார்வையாளருக்கும் உரியவையே. குழந்தைகளை அழைத்துச் செல்பவர்கள் காதுக்கவசம் இல்லாமல் அழைத்துச் செல்ல வேண்டாம். இக்கால எஞ்சின்களின் குரல் தாழ்ந்துவிட்டது உண்மையே எனினும், சுவர்களுக்கு நடுவே அது இன்னமும் இளஞ்செவிகளுக்கு ஊறு விளைவிக்கும் அளவுக்கு உரத்துத்தான் ஒலிக்கிறது.